எண்ணுக்குப் பக்கத்தில் அக்கா எழுதிய பெயர்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. மாதா கோயில் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் எழுதுவது இது.

அக்கா நெரவியில் பிறந்தார். அப்பா தவறியதும் நர்ஸ் படிப்புக்குப் போய், அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால், முதலில் நீ பாஸ் பண்ணு என்று என் வாயை அடைத்துவிடுவார்.

அக்கா வேலை பார்த்த பிரசவ வார்டில் ஒருமுறை இரண்டு குழந்தைகளின் எண் அட்டைகள் மாறிவிட்டன. அரை நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அதன்பிறகு அக்கா வெறும் எண்ணை நம்பியதில்லை. பக்கத்தில் ஒரு பெயரை எழுதி வைத்தால்தான் அவருக்கு நிம்மதி.

எண்பதுகளின் பிற்பாதியில் எய்ட்ஸ் என்ற பேச்சு வந்தது. லாட்ஜுகளில் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் எடுத்து மதராசுக்கு அனுப்பச் சொன்னார்கள். பெயர் வேண்டாம், எண் போதும் என்பது உத்தரவு. யாரும் கை நீட்டவில்லை. அக்கா போய் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேசினார்.

ஒரு பெண் மட்டும், “பேரு வெளில போவாதுல்ல சிஸ்டர்?” என்று கேட்டார்.

“போவாது. நான் பொறுப்பு” என்றார் அக்கா.

அந்தப் பெண் கை நீட்டியதைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். அக்கா வழக்கம்போல எண்களுக்குப் பக்கத்தில் பெயர்களைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. ஒரே ஓர் எண்ணுக்கு நேராக நோய் இருப்பதாக எழுதியிருந்தது. யார் அது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். மருந்து கொடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று நம்பி, அக்கா தானே நோட்டைக் கொடுத்தார். கொடுப்பதற்கு அப்போது மருந்தே இல்லை. மறுநாள் பட்டப்பகலில், கடைத்தெருவே பார்க்க, முதலில் கை நீட்டிய அந்தப் பெண்ணைக் காப்பகத்தில் அடைக்க ஜீப்பில் ஏற்றினார்கள். ஓடிப்போன அக்காவிடம் அவர், “நீங்க சொன்னீங்கன்னுதானே கைய நீட்டுனேன் சிஸ்டர்” என்றாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதார்.

பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் காப்பகம் காப்பகமாக அவரைத் தேடினார். எங்கும் பதில் இல்லை. சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகும், “எங்கயாவது இருப்பாளாடா?” என்று கேட்பார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்கும் அந்த நோய்தான் என்று ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கச் சொந்தத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். மற்ற மூன்று பக்கமும் தோள் கொடுத்த வார்டு ஊழியர்களுக்கும், தயங்காமல் வந்து ஜெபித்த பங்குச் சாமியாருக்கும் என் நன்றி.

அந்தப் பெண்ணுக்கென்று இந்த நினைவு மலரில் ஒன்றை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். முகவரி தெரியாது. பெயர் தெரியும், எழுதவில்லை. அக்கா ஒருமுறை எழுதியதே போதும்.