காய்க்காத பூக்களை நறுக்கியவர்

சித்தப்பா தையற்காரர். எங்கே பிசிறு தொங்கினாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியபோதும், "வா" என்பதற்கு முன் என் தோள்பையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைத்தான் நறுக்கினார்.

சித்தி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, அவள் கட்டிய பாத்தியில், வெள்ளரி போல நீளமாகக் காய்க்கும் பூசணி இனத்துச் சுக்கினிச் செடிகள் மூன்று நின்றன. பொத்தான் டப்பாவில் அவள் சேர்த்து வைத்திருந்த விதைகளில் மிச்சம் அவ்வளவுதான், மூன்றையும் ஊன்றிவிட்டார். ஒரு காயாவது முற்றினால்தான் மறுபடி விதை. இல்லையென்றால் அவள் வளர்த்த வகை இத்தோடு முடிந்தது.

பிஞ்சுகளோ விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகி அழுகி விழுந்தன.

"உரம் போட்டேன், தண்ணி விட்டேன். அவளுக்கு மட்டும் கூடை கூடையா காய்ச்சுது. ஆளப் பார்த்தா காய்க்கும்?"

"உங்க மூஞ்சியப் பார்த்துப் பயந்திருக்கும் சித்தப்பா."

"ஒரு வாரமா உன் மூஞ்சியயும்தான் பார்க்குது. உனக்கு வாய் மட்டும் நல்லா காய்ச்சிருக்கு."

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் கத்தரியோடு தோட்டத்துக்குப் போனார். பின்னாலேயே போனேன். மெல்லிய காம்பில் நின்ற மொட்டுகளைக் கடலை அளவில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக நறுக்கினார். அடியில் பிஞ்சு உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"இதெல்லாம் காய்க்காத பூம்மா. சும்மா சத்த இழுக்கும். தினமும் எடுத்துடுவேன்."

"அய்யோ சித்தப்பா, அது ஆண் பூ. அதோட மகரந்தம் பட்டாத்தான் மத்தது காயாகும்." சுற்றியிருந்த வீடுகளெல்லாம் முற்றத்துக்கு சிமெண்ட் பூசிவிட்டன, ஒரு தேனீயைக்கூட நான் பார்க்கவில்லை. "காலையில பூ விரிஞ்சதும் சித்தி கையாலயே தொட்டுவிட்டிருப்பாங்க."

கத்தரி நின்றது.

"காலையிலயா? தலைகூட வாராம வந்து நிப்பா. கையில ஒரு பூவ வச்சுக்கிட்டு ஒவ்வொரு செடியா குனிவா. செடிகிட்ட என்னடி ரகசியம்னு கிண்டல் பண்ணிட்டுக் கடைக்குக் கிளம்பிடுவேன். சிரிப்பா. ஒரு நாளும் நின்னு பார்த்ததில்லம்மா."

இலைகளைத் தூக்கித் தூக்கித் தேடினேன். அவற்றில் சாம்பல் நோய் ஏறி, இனிப் புது மொட்டு வைக்கத் தெம்பில்லாமல் செடிகள் ஓய்ந்துகொண்டிருந்தன. பிஞ்சோடு ஒரே ஒரு மொட்டு விரியத் தயாராக இருந்தது. ஆண் மொட்டு ஒன்றுமில்லை. தெருவில் வேறு யாரும் சுக்கினி போட்டதில்லை. தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டுவைத்தோம். ஒன்றும் விரியவில்லை.

காலையில் அந்த ஒற்றைப் பூ விரிந்தது. சித்தப்பா கடைக்குப் போகவில்லை. தலை வாராமல், வெறுங்கையோடு அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். வெயில் ஏறி இதழ்கள் மூடிக்கொள்ளும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் மறுபடி பெட்டியைத் தூக்கிய நாளில், அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிச் செடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் நறுக்கவில்லை.