நிறுத்த மறந்த லைவ்

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் வீட்டிலிருந்தே கல்யாண மாலை கட்டுகிறேன். கட்டி முடித்த மாலையைப் படம் எடுத்து, விலையோடு ஃபேஸ்புக்கில் போடுவேன். சொந்தக்காரர்கள் மட்டும் லைக் போடுவார்கள். "லைவ்ல பேசிப் பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார் மாலா.

ஒரு மழைநாள் காலையில் ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்து, கூச்சத்தோடு விலைகளைச் சொன்னேன். பிறகு லைவை நிறுத்திவிட்டதாக நினைத்து மாலை கட்ட உட்கார்ந்தேன்.

தகரக் கூரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. சம்பங்கி, ரோஜா, மறுபடி சம்பங்கி என்று விரல்கள் தாமாகவே போயின. கட்டும்போது மணப்பெண்ணோடு பேசுவதுபோல முணுமுணுப்பது என் பழக்கம். அன்று தர்ஷினியின் மாலை. "அங்க போயி எல்லாத்துக்கும் தலையாட்டாதம்மா. பசிச்சா வாய விட்டுச் சொல்லு. அழுகை வந்தா அம்மாவுக்கு போன் அடி."

மாலா ஓடி வந்தாள். "அண்ணி, லைவ் இன்னும் ஓடுது லா. நெறைய பேர் பாக்குறாங்க."

போனைக் கையில் எடுத்தேன். ஆர்டர் கொடுத்ததே தர்ஷினிக்கு வரப்போகும் மாமியார்தான். அவர் எழுதியதைத்தான் முதலில் தேடினேன். "பசிச்சா எங்கிட்டயே சொல்லட்டும் லா" என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் பூவைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் இரு வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் லைவ் போடுகிறேன். விலையைக் கேட்டால் மட்டும் சொல்கிறேன். வேகமாகக் கட்டுவதையும் விட்டுவிட்டேன். அன்று கடைசியாகத் தர்ஷினி எழுதியது இதுதான்: "அக்கா, மாலைய சீக்கிரம் முடிச்சிடாதீங்க."