ஒரு குறையும் இல்லம்மா

குத்துக்கல்வலசையில் ஒரு கம்பெனி வரிசையாக வீடு கட்டி விற்கிறது. அங்கே சுவருக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. புதுச் சுவரும் புதுத் தளமும் ஏழு நாளாவது நனைந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். கல் சுமக்கும் வயது போய்விட்டது, இது என்னால் முடியும். அதைவிட, யாரிடமும் பேச வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லக் கூச்சப்பட்டே பாதி நாள் வராதவள் கணக்கில் சேர்ந்தவள் நான். அஞ்சாம் வகுப்போடு அந்தத் தொல்லையும் முடிந்தது.

நாள் முழுக்கச் சுவருக்குத் தண்ணீர் விடுவேனே தவிர, நான் ஒரு மடக்குக் குடிக்க மாட்டேன். காரணத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் மேலே போகவும் முடியாது. பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. தொடக்கத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் உடைமுள் காடு மறைவுக்கு இருந்தது. அதையும் யாரோ வெட்டி, மனை போட்டு, கம்பி வேலி கட்டிவிட்டார்கள். ஆபீஸ் அறைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் உண்டு, அதன் சாவி இன்ஜினீயர் பையில் இருக்கும். ஆண்களுக்கு என்ன, செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் முடிந்தது. நாங்கள் ஆறு பெண்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால், மறுபடி சாயங்காலம் வீட்டில்தான்.

எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தென்காசியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தண்ணி நல்லாக் குடிக்கணும். முடியாதுன்னா வேலைய விட்டுருங்க. இன்னொரு தடவை வந்தா சிறுநீரகம் கெட்டுரும்."

மகன் பட்டாளத்தில் இருக்கிறான். "வேலைய விடும்மா, நான் அனுப்புதேன்லா" என்பான். அனுப்பவும் செய்கிறான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எனக்கு இந்த வேலை வேண்டும்.

கம்பெனியைக் குறை சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை லீவுக்கும் சம்பளம் உண்டு. பதினாறு வயசுப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு வந்தபோது, ஆதாரைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போ என்று திருப்பி அனுப்பினார்கள். வாசலில் பெரிய பலகை வேறு, மனித உரிமைகளையும் கண்ணியத்தையும் மதிக்கிறோம் என்று. செங்கல் சுமக்கிற செங்கோட்டைக்காரி என்னைப் பிடித்து அதை வாசிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"கண்ணியம்னா என்ன ஆச்சி?"

"மரியாதை மாதிரிட்டி."

"அப்படியா? மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து இதக் காட்டுங்க. நேத்து என்னய எருமைன்னாவ."

பலகை வந்த மாதமே கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு மேடமும் வந்தார். முப்பது வயசு இருக்கும். கட்டடம் நடக்கிற ஊருக்கெல்லாம் போய், வேலைக்காரர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் அவர் வேலையாம். எங்களை நிழலில் உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் இன்ஜினீயரும் மேஸ்திரியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா? பயப்படாம சொல்லுங்க."

தேடி வந்தவர் அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் என்ன பதில் என்று எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி வீட்டில் சாம்பாரே வராமல் எழுந்திருந்தாலும் அந்தப் பதில்தான். குறையெல்லாம் கோயிலுக்குப் போய் சாமியிடம் முனகுவது. ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

"ஒரு குறையும் இல்லம்மா!"

அச்சன்புதூர்க்காரி அதோடும் நிற்கவில்லை. "எங்கள ராணி மாதிரில்லா வச்சிருக்காவ" என்றாள். மேடம் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். கார் திரும்பியதுதான் தாமதம், ஆரம்பித்தார்கள்.

"ஏட்டி, நீ சொல்லுவேன்னுல்லா நான் பேசாம இருந்தேன்."

"ஏன், ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ராணியாம்லா ராணி! எந்த ராணிட்டி காலையிலேருந்து பொழுதடையுத வரைக்கும் அடக்கிட்டு நிப்பா?"

நான் குழாயை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். டாக்டர் சீட்டு என் பையில்தானே இருந்தது.

அடுத்த தடவை மேடம் சாரல் நேரத்தில் வந்தார். குற்றாலத்துக் காற்று ஆளைத் தள்ளுகிறது, தூறல் விட்டு விட்டு விழுகிறது. அந்தக் குளிரில் எங்கள் பாடு இரண்டு மடங்கு. மேடம் மதுரைக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் காரில் வந்தவர், குளிருக்கு வழியெல்லாம் டீ குடித்திருக்கிறார். இறங்கியதும் என் கையில் குழாயைப் பார்த்து, "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கொத்தனாரிடம் கேட்டார்.

"ஆச்சியா? காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் தண்ணி அடிக்காவ மேடம். அதுக்குச் சம்பளமும் குடுக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குழாயைக் கொத்தனார் காலுக்குத் திருப்பினேன். அவர் துள்ளிக்கொண்டு ஓடினார்.

இன்ஜினீயர் அன்று தென்காசிக்குப் போயிருந்தார். சாவியும் அவர் பையோடு போயிருந்தது. மேடம் பழையபடி உட்கார வைத்து, பழையபடி குறை கேட்டார். நாங்களும் பழையபடி "ஒரு குறையும்" வரைக்கும் வந்துவிட்டோம். மேடம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவள் நான் என்பதால் என் காதோரம் குனிந்தார்.

"அம்மா, இங்க ரெஸ்ட் ரூம் எங்க இருக்கு?"

"அதாம்மா குறை" என்றேன்.

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது, அதுவும் சத்தமாக. மேடத்துக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"அந்த எடந்தாம்மா இங்க இல்ல. அந்தக் குறை ஒண்ணுதான்."

அதற்கு மேல் பேச நேரமில்லை, அவருக்கு அவசரம். சிமெண்டு மூட்டை மூடுகிற தார்ப்பாயை எடுத்து, மணல் குவியலுக்குப் பின்னால் நாலு பேர் சுற்றிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். காற்று புகுந்து தார்ப்பாய் புடைத்தது. என் பக்கம் கையை விட்டே போய்விட்டது.

"பிடிங்க ஆச்சி, பிடிங்க! கம்பெனி மானம் பறக்கு!" என்று கத்தினாள் செங்கோட்டைக்காரி.

மேடம் உள்ளே சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது. வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"இது இன்னைக்கு ஒங்களுக்காவப் பிடிச்சது. நாங்க சாயந்தரம் வீட்டுக்குப் போயித்தான்."

"போன தடவை கேட்டேனே, ஏன் சொல்லல?"

"வீடு தேடி வந்தவுக நீங்க" என்றாள் அச்சன்புதூர்க்காரி. "ஒங்ககிட்ட எப்படிம்மா குறை சொல்ல?"

"தப்பு என்னோடது. மத்தவங்கள பின்னால நிக்க வச்சுட்டுக் கேட்டேன். கேக்குறதுக்கு முன்னாடி கண்ணால சுத்திப் பாத்திருக்கணும்" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டே டாக்டர் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

படித்துவிட்டு அங்கேயே நின்று, கட்டட வேலையை எடுத்திருக்கிற ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் ஆள் கிடைத்ததும் கட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருப்பார் போல. "பெண்களுக்குக் கழிவறை இல்லாம வேலை நடக்கக் கூடாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது வர்ற வரைக்கும் தளம் போட வேண்டாம். ஆளுங்களுக்கு அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு" என்றார். மறுநாள் போட வேண்டிய தளம் நின்றது.

அதுவரை ஆபீஸ் கக்கூஸ் சாவி எங்களிடம் இருக்கட்டும் என்று, இன்ஜினீயர் திரும்பியதும் வாங்கித் தந்தார். ஆனால் அங்கே இன்ஜினீயர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்றவர்கள் போனார்கள், எனக்குக் கால் நகரவில்லை.

மறுநாளே கொத்தனார் எங்கள் கக்கூஸுக்கு அளவுநூல் பிடித்தார். "மாளிகை கட்டுன கையி. கடைசில கக்கூஸ் கட்ட விட்டுட்டாளுவ" என்று முனகினார்.

"மாளிகைக்குள்ளயும் அது உண்டும்லா அண்ணாச்சி?" என்றாள் செங்கோட்டைக்காரி.

இரண்டு அறை, தகரக் கூரை, குழாய், உள்பக்கம் கொண்டி. அந்தச் சுவருக்கு ஏழு நாளும் நான் விட்ட தண்ணீரை வேறு எந்தச் சுவருக்கும் விட்டதில்லை. தூறுகிற நாளிலும் விட்டேன்.

எட்டாம் நாள் காலையில் ஆறு பேரும் கதவுக்கு முன்னால் நின்றோம். நீ போ, நீ போ என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்களே ஒழிய யாரும் போகவில்லை.

"புது வீடுட்டி, பால் காய்ச்ச வேண்டாமா?"

"முதல்ல ஆச்சிதான் போவணும். சொன்னது அவுகதானே."

நான் சொம்பை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். வேலை நேரத்தில் அப்படிக் குடித்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அரை மணி நேரம் குழாய் பிடித்துவிட்டு வந்து, உள்ளே போய்க் கொண்டியைப் போட்டேன். தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் காவல் நிற்கவில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. வேலையை விட வேண்டியதில்லை என்று அங்கே நிற்கும்போதுதான் மனசுக்கு உறுதியானது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

வெளியே பொறுமை போய்விட்டது. "ஆச்சி, உள்ளயே குடியேறிட்டியளா?"

முகம் யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில் நானும் கத்தினேன்.

"எடத்தக் கிரயம் முடிச்சாச்சு. போங்கட்டி அங்கன!"