இடியாப்ப உழக்குக்கு ஒரு புது மரை

சவுதியை விட்டு வந்த பிறகு என் வீட்டுக்காரருக்குப் பொழுது போக வேண்டும். பேட்டையில் மூடிய பட்டறை ஒன்றிலிருந்து கிழட்டு லேத் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, பைக் நிற்கிற இடத்தில் போட்டுக்கொண்டார். பைக் தெருவில் வெயில் காய்கிறது. அதுகூடப் பரவாயில்லை. போன நோன்பில் அவர் பார்த்த வேலைக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. லேத்தின் பல்சக்கரத்துக்குள் புஷ் என்று ஏதோ ஒரு வளையம் இறங்க மாட்டேன் என்றதாம். என் இடியாப்ப உழக்கில் வைத்து முறுக்கியிருக்கிறார். புஷ் இறங்கிவிட்டது, உழக்கின் மரை நாசமாகிவிட்டது.

என் கல்யாணத்துக்கு உம்மா கொடுத்த பித்தளை உழக்கு அது. மேலே பிடியைச் சுற்றினால் திருகு இறங்கி மாவைப் பிழியும். அதில் பிழிந்த இடியாப்பம் இல்லாமல் எங்கள் வீட்டில் பெருநாள் விடிந்ததே இல்லை.

"பெருநாளைக்குள்ள இது சுத்தணும். இல்லன்னா உங்க லேத்தை எடைக்குப் போட்டுருவேன்" என்றேன்.

"பொறுளா, பைய செய்யுதேன்" என்றார்.

உழக்கின் மரைக்கு இடைவெளி அதிகம். லேத்தில் எந்தப் பல்சக்கரத்தோடு எது சேர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மரையின் இடைவெளி அமையுமாம். கழற்றினார், மாட்டினார், சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டார். கடைசியில் நடுவே ஒரு சக்கரத்தைக் கூடுதலாகச் செருகினார். மோட்டார் போட்டால் தாங்காது என்று கையாலேயே சுற்றி வெட்டினார். நோன்பு வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் புதுத் திருகையும் அதற்கேற்ற மூடியையும் கொண்டுவந்து வைத்தார். மாவைப் போட்டு வலப்பக்கமாகச் சுற்றினேன். திருகு இறங்குவதற்குப் பதில் மேலே ஏறி வந்தது.

"தலைகீழா வெட்டி வச்சிருக்கியளே! உங்களுக்கே மரை கழண்டு போச்சா?" என்று கத்தினேன்.

அவர் அசரவில்லை. "எந்தக் கையால சுத்துத?"

வலதுகையால்தான். எனக்கு இயல்பாக வருவது பீச்சாங்கை. சின்ன வயதிலேயே அதட்டி மாற்றிவிட்டார்கள். மற்ற வேலையெல்லாம் பழகிவிட்டது. கெட்டி மாவு பிழியும்போது மட்டும் வலது மணிக்கட்டு விட்டுப்போகும். ஒவ்வொரு பெருநாளிலும் அதைத் தேய்த்துக்கொண்டே திரிவேன். யாரிடமும் சொன்னதில்லை.

"பீச்சாங்கைக்கு இடப்பக்கம் சுத்துனாத்தான் வலு. அதான் ஒரு சக்கரத்தைக் கூட்டி, மரையைத் திருப்பி வெட்டுனேன். பெருநாளைக்கு லீவுல வந்தப்பல்லாம் நீ கையைத் தேய்க்கத நான் பாக்கலன்னா நெனச்ச?"

இடதுகையால் சுற்றினேன். மாவு வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தபடி தட்டு தட்டாகப் பிழிந்துகொண்டே இருந்தேன். பெருநாள் நாளைக்குத்தான் என்று நினைவு வந்தபோது மாவெல்லாம் தீர்ந்திருந்தது.