சுருதிக்கு அர்த்தம் சொன்ன கிராணி

சுருதி என்ற சொல்லே எனக்கு இன்றும் ஆகாது. கோயில் கச்சேரியில் பாடகர் சுருதி சேர்க்கத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன். கிழவிக்குத் தலைக்கனம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சப்பான்காரன் காலத்தில் நாங்கள் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வரும். ஆளைக் காட்டிக் கொடுக்கிறவன் எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தமிழன்தான், வேறு யார்? நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தோம். அவனோ வெற்றிலை மென்றுகொண்டு, சங்கீதம் கற்றவன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தான்.

லாரிக்குப் பயந்து என் அண்ணனும், தப்படிக்கும் இரண்டு மாமன்களும் காட்டில் ஒளிந்திருந்தார்கள். அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள் என்று கேட்டதும் மூவரும் எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு வந்துவிட்டார்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும். தப்பு முழங்காமல் எங்கள் லயத்தில் பிணத்தைத் தூக்குவதும் இல்லை. சீக்கிரம் எரித்துவிட்டுக் காட்டுக்கே ஓடிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

மழை ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்திருந்தது. மாமன்கள் காய்ந்த ரப்பர் இலைகளைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காட்டினார்கள். அப்போதுதான் கிராணி வந்தான்.

“என்னடா பண்றீங்க?”

“சுதி ஏத்துறோங்க ஐயா,” என்றார் பெரிய மாமன்.

“சுதி இல்லடா, சுருதி. எங்க, சொல்லு.”

மாமன் சொன்னார். அவன் விடவில்லை. சுருதி என்றால் காதால் கேட்கப்படுவது, வேதத்துக்கே அதுதான் பெயர், பாட்டுக்கு ஆதாரமான ஒலியும் அதுதான், மாட்டுத்தோலைக் காய்ச்சுகிறவன் வாயில் அந்தச் சொல் வரலாமா என்று நீட்டி முழக்கினான். ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னான். தாயைப் பறிகொடுத்து நின்ற அண்ணனையும் விடவில்லை. அம்மாவின் முகத்தில் ஈ மொய்த்தது. நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

“நேரமாவுதுங்க ஐயா. அம்மாவ எடுக்கணும்,” என்றான் அண்ணன்.

“இருடா. செத்தவ எங்க ஓடப் போறா?”

சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் பார்த்தான். லாரிச் சத்தம் கேட்டது. அந்த வியாக்கியானமெல்லாம் மூவரையும் நிறுத்தி வைக்கத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சீ, பிணத்தின் தலைமாட்டில் நின்று இப்படியும் ஒருவன் செய்வானா?

மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. தப்பு நன்றாகக் காய்ந்து கிடந்தது, அடிக்க ஆளில்லை. நாங்கள் பெண்களே பாடையைத் தூக்கினோம்.

“பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறது முறையில்லையே,” என்றான் கிராணி.

அவன் வேட்டியில் காறித் துப்பிவிட்டு, கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.