டிரம் மூடிக்கு ஒரு பாய்லர் கயிறு

என் கணவர் பதினாறு வருஷம் துபாயில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் கரிப்புகையில் கறி வேகவைத்தவர். போன வருஷம் லீவில் ஊருக்கு வந்தபோது, பாபநாசத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் பழைய டிரம் ஒன்றைப் படுக்கவைத்து நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்த மூடியோடு கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார். கீழே கொட்டாங்குச்சிக் கரி, மேலே கம்பி வலை, மூடியில் புகைக்குழாய், அடியில் காற்று நுழைய ஒரு சின்னக் கதவு, முன்பக்கம் சூடு காட்டும் முள். கோழியை உள்ளே வைத்து நாலு மணி நேரம் வேகவிட வேண்டுமாம். அதற்குள் நான் ஒரு கல்யாணச் சமையலையே முடித்துவிடுவேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

"இது சரியா வந்துச்சுன்னா ரோட்டோரமா ஒரு கடையப் போட்டுரலாம்" என்றார்.

எனக்கு அது போதும். மறுபடி துபாய் போவதா இல்லையா என்று விசா ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். கடை என்றால் இவர் இங்கேயே இருப்பார். இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாததால் டிரம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் மூடியில் இருந்தது. பட்டறைக்காரர் அறுத்த வெட்டு கோணல். மூடினாலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அது வழியாகக் காற்று புகுந்து கரி கனன்று, முள் நூற்றெண்பது டிகிரிக்கு ஓடும். அடிக்கதவைச் சாத்தினாலும் அடங்காது. அவருக்கு வேண்டியது நூற்றுப்பத்து, அதுவும் ஆடாமல் அசையாமல்.

காற்று எங்கெங்கே நுழைகிறது என்று பார்க்க எனக்கு அரிப்பு எடுத்துவிட்டது. ஊதுவத்தியைக் கொளுத்தி மூடியைச் சுற்றி மெதுவாகக் காட்டினேன். சில இடங்களில் புகை நேராக எழுந்தது; சில இடங்களில் வெடுக்கென்று உள்ளே இழுபட்டது. இழுபட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"அடுப்புக்கே பூசை போடுறியா?" என்று சிரித்தார்.

அவர் முதலில் வைத்தது மோட்டார் பம்புக்குப் போடும் ரப்பர் பேக்கிங். ஒரு மணி நேரத்தில் அது உருகி வழிந்தது. அந்தக் கோழியைத் தெரு நாய்கூட மோந்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த முறை என்னுடையது. வரப்பில் நண்டு வளை தெரிந்தால் களிமண்ணை அப்பி மிதித்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை ஓடும். அதே கையோடு வயல் களிமண்ணில் உமியைப் பிசைந்து சாக்பீஸ் கோடு முழுவதும் பூசினேன். புகைக்குழாயிலும் புகை வந்துகொண்டிருந்ததைப் பார்த்து, அதையும் ஓட்டை என்றே கணக்கு வைத்து அடைத்துவிட்டேன். அரை மணியில் கரி அவிந்தது. அவர் மூடியைத் திறக்க, காய்ந்த மண் பொத்தென்று கோழிமேல் விழுந்தது.

"உள்ள வர்ற காத்து வெளிய போவ வழி வேணாமாடி?"

தண்ணீர் வர வாய்மடையும் போக வடிகாலும் இல்லாமல் நான் என்றைக்காவது நட்டிருக்கிறேனா? எனக்கே வெட்கமாக இருந்தது.

வழி காட்டியவர் பக்கத்து ரைஸ் மில்லில் பாய்லர் பார்ப்பவர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "பம்பு ரப்பர் நெருப்புக்குத் தாங்குமாக்கா? எங்க பாய்லர் கதவுக்கு இதுதான்" என்று வெள்ளையாக ஒரு கயிற்றைக் கொடுத்தார். கண்ணாடி இழையில் பின்னிய கயிறு, தொட்டால் கை அரிக்கிறது. சூடு தாங்கும் பசையைத் தடவி விளிம்பு முழுக்க ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, மூடியை இறுக்க இரண்டு கொக்கியும் வைத்தோம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரி போட்டோம். ஊதுவத்தியைக் கொண்டுபோனேன். சுற்றிலும் எங்கேயும் புகை வளையவில்லை. அடிக்கதவை ஒரு நூல் திறந்தால் முள் கொஞ்சம் ஏறியது, சாத்தினால் இறங்கியது. சொன்னபடி கேட்கிறது! நூற்றுப்பத்தில் நிறுத்திவிட்டு வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்தேன். முள் அதே இடத்தில் நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இரண்டு மணிக்குக் கோழியைத் தொட்டதும் எலும்பு தனியாக வந்தது. அவர் ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

"இனி நீ ஒருத்தியே கடையப் பாத்துக்கலாம். நான் இன்னொரு ரெண்டு வருஷம் போயிட்டு வந்துர்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் ஊதுவத்தியும் கையுமாக அலைந்து, இவரை அனுப்பிவைக்கவா வழி செய்துகொண்டிருந்தேன்?

"நீங்க போறது எனக்குப் புடிக்கலங்க" என்றேன். "ஒரு தடவகூடப் புடிச்சதில்ல."

அவர் கையிலிருந்த கறியைத் தட்டில் வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய், ஏஜென்ட்டைப் போனில் கூப்பிட்டு, தான் வரவில்லை என்று சொன்னார். திரும்பி வந்து டிரம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் நீதான பெட்டியக் கட்டி, ஊறுகாய வச்சு, சிரிச்ச மொகமா அனுப்புன? நான் அங்க இருக்கறதுதான் ஒனக்கு வசதின்னு நெனச்சுட்டேன்."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பதினாறு வருஷமும் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.