எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இறுதி ஆட்டம்

சனிக்கிழமை காலை ஆறு மணி. திருமுக்கூடலில் கோழிப்பண்ணை வேலையை விட்டுவிட்டுப் பாலாற்றுப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். மூன்று ஆறுகள் கூடும் இடம் என்று பெயர். அன்று மூன்றிலும் சேர்த்து ஓர் எருமை படுக்கத்தான் தண்ணீர் இருந்தது. பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு சீப்பு. போகிற ஊர் முடிவாகவில்லை. முதலில் வந்த பஸ் காஞ்சிபுரம் போகிறது என்றார்கள், ஏறிக்கொண்டேன்.

வாலாஜாபாத் தாண்டி, மேட்டுக்கரை நிறுத்தத்தில் ஐந்து பெண்பிள்ளைகளும் ஓர் அக்காவும் ஏறினார்கள். பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். ஒருத்தி கையில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து.

"இன்னாமா இது, கோழி போட்டதா?" என்று கேட்டேன். பண்ணை நினைப்பு இன்னும் போகவில்லை.

"ரக்பி அண்ணா. பந்தைத் தூக்கினு ஓடி, அந்தக் கடைசில கம்பத்தாண்ட தரையில வெக்கணும். முன்னாடி இருக்கிறவளுக்குத் தூக்கிப் போடக் கூடாது, பின்னாடி வர்றவளுக்குத்தான் போடணும்" என்றாள் அவள். பெயர் ஜெனிஃபர். அவள்தான் கேப்டன்.

"எத்தினி பேர் ஆடணும்?"

"ஏழு பேரு."

ஐந்து பேர்தான் இருந்தார்கள். அந்த அக்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பரிமளா, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். லீவு நாளில் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தப்பு அவருடையதுதான் என்று அவரே சொன்னார். நேற்று ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். பால்குடம் எடுக்கிற நாலு ஆட்டக்காரிகளுக்கும் மஞ்சள் கட்டிய நூல் மணிக்கட்டில் ஏறிவிட்டது. ஏறினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"சின்னப் பொண்ணுங்களுக்குக் கட்டமாட்டாங்கன்னு நெனச்சேன்பா. அவங்க ஆயி, அப்பனே முன்னாடி நின்னு கட்டிட்டாங்க."

"அப்ப இவங்க அஞ்சு பேரு?"

ஜெனிஃபர் விரல் விட்டாள். "நாங்க மூணு பேரு சர்ச்சு. இவங்க ரெண்டு பேருக்கும் பெரியப்பா செத்துட்டாரு, தீட்டு. அதனால தப்பிச்சோம்."

பஸ்ஸே சிரித்தது. கடைசி சீட்டுப் பெரியவர், "செத்தும் உதவி பண்ணிருக்கான் பாரு" என்றார்.

காஞ்சிபுரத்தில் அன்றும் மறுநாளும் மாவட்டப் போட்டி. ஜெயிக்கும் அணி அடுத்த மாதம் சென்னைக்குப் போகும். மேட்டுக்கரை அணி இதுவரை ஊரை விட்டு ஆடியதே மூன்று முறைதான். மூன்றிலும் தோல்வி. இறங்கும்போது பரிமளா கேட்டார்: "அண்ணா, சும்மாத்தானே இருக்கீங்க? கோட்டுக்குச் சுண்ணாம்பு போடணும்." பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. போனேன்.

மைதானத்தில் ஒரு வழக்கம் கண்டேன். லீக் ஆட்டத்தில் ஆள் குறைந்தால், ஓய்வில் இருக்கும் அணி கடன் கொடுக்கும். மேட்டுக்கரைக்கு இரண்டு பேரைக் கொடுத்தது நெசவுத்தெருப் பிள்ளைகளின் அணி. அதன் கேப்டன் திவ்யா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "ரெண்டும் சாயங்காலம் முழுசாத் திரும்பி வரணும். கீறல் விழுந்தா வாங்கமாட்டோம்."

கடன் வாங்கிய கால்களோடு மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்து, மேட்டுக்கரை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே யார்? கடன் கொடுத்த அதே நெசவுத்தெரு. இறுதியில் கடன் செல்லாது, சொந்த ஆள்தான் இறங்க வேண்டும். ஞாயிறு காலைக்குள் ஏழு பேர் வராவிட்டால் ஆடாமலேயே தோல்வி என்றார் நடுவர். பரிமளா தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கினார்.

ஜெனிஃபர்தான் சொன்னாள். "அக்கா, அவங்க எல்லை தாண்டக் கூடாது. நாம தாண்டலாம்ல? எங்க ஊரு ஆத்துல எவ்ளோ எடம் கெடக்குது!"

நடுவர் யோசித்தார். எதிரணி சம்மதித்து, கோல் கம்பமும் இருந்தால் ஆட்சேபம் இல்லை என்றார். எல்லோரும் திவ்யாவைப் பார்த்தார்கள்.

"சும்மா வந்த கப்பைத் தூக்கினு போனா எங்கண்ணன் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வரோம். ஆனா மண்ணுல மூக்கு தேஞ்சா அழக் கூடாது, சொல்ட்டேன்."

அவள் அப்பா சேகர் பந்தல் போடுகிறவர். சவுக்குக் கம்பம் தருவதாகச் சொன்னார். எனக்கு அன்று குஸ்கா பொட்டலமும், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பாதியும் கிடைத்தது. மற்றப் பாதியில் ஒரு நாய்.

ஞாயிறு காலை ஏழு மணி. மேட்டுக்கரைக்கு எல்லை, ஆற்றின் நடுவில் நட்ட ஒரு கல். அந்தக் கல்லிலிருந்து கயிறு பிடித்துச் சுண்ணாம்பு போட்டேன். மைதானத்தின் பக்கக்கோடும் ஊர் எல்லையும் ஒரே கோடு. மணலில் கம்பம் நிற்காது என்றார் சேகர். இரண்டு வருடம் ஆற்றோரம் வேலை பார்த்தவன் நான். ஈரம் தட்டும்வரை தோண்டி, சாக்கில் மணல் கட்டி அடியில் அணைத்தேன். நாலு கம்பமும் நின்றன. சேகர் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார்.

ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ஒருவர் பூசாரியிடம், "காப்புக் கட்டினவ மண்ணுல பொரளலாமா?" என்று கேட்டார்.

"எல்லைக்குள்ள பொரண்டா அங்கப்பிரதட்சணம்தான். சும்மா இருபா" என்றார் பூசாரி.

நடுவர் நாலு மணிக்கட்டிலும் நூல் மேல் டேப் சுற்றச் சொன்னார். ஆட்டம் தொடங்கியது. புல்லில் பாய்ந்த நெசவுத்தெருப் பிள்ளைகள் மணலில் முதலில் தடுமாறினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம்.

அப்போது பந்து நந்தினிக்கு வந்தது. காப்புக் கட்டியவர்களில் வேகமானவள் அவள். ஓரமாக ஓடினாள். திவ்யா அவளைக் கோட்டை நோக்கி நெருக்கினாள். தாண்டினால் பந்தும் போகும், விரதமும் போகும். கரையில் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவளுடைய அம்மா கத்தினாள்: "அடியேய், கல்லு! கல்லு!"

கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நந்தினி முழங்கால் போட்டு மணலில் விழுந்தாள். விழும்போதே, திரும்பிப் பார்க்காமல், பந்தைப் பின்னால் எறிந்தாள். பின்னால் ஜெனிஃபர் வந்துகொண்டிருந்தாள். பிடித்தாள், ஓடினாள், என் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தோடு போய் விழுந்தாள்.

விசில்.

பம்பைக்காரர்கள் திருவிழாவுக்கு வைத்திருந்த அடியை அங்கேயே அடித்துவிட்டார்கள். நந்தினி எழுந்து முதலில் பார்த்தது கப்பை அல்ல, தன் பாதத்தை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. திவ்யா மூக்கிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே வந்தாள். "சென்னைல ஆள் கொறைஞ்சா சொல்லு. ஆனா இந்தவாட்டி வாடகை உண்டு" என்று சொல்லி நந்தினியைக் கட்டிப்பிடித்தாள். அன்று மதியம் இரண்டு அணியும் ஒரே அண்டாவில் சாப்பிட்டன. நான் சுற்றிய எந்த ஊரிலும், வந்து தோற்றவர்களை இப்படி மறுசோறு போட்டு வதைத்ததைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் கிளம்பப் பையை எடுத்தேன். சேகர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்கப்பா போற? நாளைக்கு இதே ஊர்ல அம்மன் கோயில் பந்தல். மணல்ல கம்பம் நட்டவன் மண்ணுல நட மாட்டியா?"

திங்கட்கிழமை காலை வேலைக்குச் சேர்ந்தேன். கம்பங்களை இறக்கி எண்ணினால் நாலு குறைந்தது. ஆற்றில் நிற்பதைப் பிடுங்கி வரச் சொன்னார் சேகர். கடப்பாரையோடு போனேன். கம்பத்துக்கு ஒருத்தியாக நாலு பேர் நின்றார்கள், நாலு மணிக்கட்டிலும் மஞ்சள் நூல். "இதைத் தொடாதீங்கண்ணா, பிராக்டீஸுக்கு வேணும்" என்றாள் நந்தினி.

வெறுங்கையோடு திரும்பினேன். சேகர் ஆற்றுப் பக்கம் பார்த்தார், சிரித்தார். இருந்த கம்பங்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நட்டோம். பந்தல் நின்றது.